கம்பி கட்டிய வாய்க்கு ஒரு தம்ளர் சாறு

வண்டியின் நுகத்தடி எகிறி மருதப்பனின் தாடையில் அடித்தது 1981ஆம் வருடம் ஆனி மாதம் முதல் வாரத்தில். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மாடுகளை அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டு வண்டியில் மூடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கமாகவே அடுக்கிக்கொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை. மருதப்பன் நுகத்தடிக்கு மேலே குனிந்து நின்று, கமிஷன் கடைக்குள் இருந்த யாருக்கோ சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாவது மூடை ஏறியதும் வண்டி பின்னால் சாய்ந்து முன்பக்கம் தூக்கிக்கொண்டது. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் ஒடிந்தது. வலது கடைவாயில் இரண்டு பல் போயிற்று.

அவருக்கு அந்த மார்க்கெட்டில் ஏலம் கூறுகிற வேலை. சங்கரன்கோவிலில் இருந்து முதல் பஸ்ஸுக்குப் போய் மத்தியானம் திரும்புவார். அவர் குரல் நாலு கடை தாண்டிக் கேட்கும் என்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொன்னது, வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுச் சமாச்சாரம், குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்பது வரைக்கும் சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். அவர் மனைவி முருகம்மாள் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அவரே பேசிவிடுவதால், இருபத்தோரு வருடமாக அவளுக்கு அதிகம் பேசவேண்டிய தேவை ஏற்பட்டதில்லை.

பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. பல் போன சந்து வழியாக ஒரு ரப்பர் குழாயை நுழைத்து, நீராக எதைக் கொடுக்க முடியுமோ அதைக் கொடுக்க வேண்டும். வார்டில் இருந்த ஏசுவடியாள் சிஸ்டர் முருகம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொன்னாள். பால், பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், பழச்சாறு, காய்ச்சாறு. திப்பி ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. கடைசியாக ஒரு சின்னக் கட்டரை அவள் கையில் கொடுத்தாள்.

"வாந்தி வந்தா குப்புறச் சாய்ச்சிருங்க. மூச்சு முட்டுதுன்னா இந்தா, மேலயும் கீழயும் சேத்துக் கட்டியிருக்க இந்த நாலு கம்பியையும் வெட்டிருங்க. யோசிக்காதிய. கம்பிய நாங்க மறுபடியும் போட்டுக்கிடுவோம்."

முருகம்மாள் அந்தக் கட்டரை ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து ஆறு வாரம் அது அவள் இடுப்பில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் பிழிந்தது எலுமிச்சம்பழம். அந்த வீட்டில் எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். அதுவரைக்கும் அவள் பிழிந்து பழகிய பழமும் அது ஒன்றுதான். சீனி போட்டு, உப்புத் தூள் ஒரு சிட்டிகை போட்டு, நன்றாக வடிகட்டித்தான் கொடுத்தாள். பல் போன புண்ணில் பட்டதும் மருதப்பன் காலால் பெஞ்சை உதைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுதிக்காட்ட வைத்திருந்த சிலேட்டை இழுத்து, "இனிமேல் எலுமிச்சம்பழம் இந்த வீட்டில் வரக் கூடாது" என்று எழுதினார். எழுத்து பெரிது பெரிதாக இருந்ததால் கடைசி வார்த்தைக்குச் சிலேட்டில் இடம் போதவில்லை.

மறுநாள் சாத்துக்குடி வாங்கினாள். இரண்டாக வெட்டி, தம்ளரின் அடியை வைத்து அழுத்திப் பிழிந்தாள். சாறு நிறைய வந்தது, ஆனால் கசந்தது. தோலுக்கு அடியில் இருக்கிற வெள்ளையும் விதையும் நசுங்கினால் கசப்பு இறங்கிவிடும் என்று இரண்டு பழம் வீணான பிறகு கண்டுபிடித்தாள். அப்புறம் தோலை உரித்து, விதை எடுத்து, சுளையை மட்டும் கையால் பிசைந்தாள். திராட்சையிலும் அதே கதை. அம்மியில் வைத்து அரைத்தால் கொட்டை நசுங்கித் துவர்த்தது. கொதித்த வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, கையால் பிதுக்கினால் துவர்ப்பு இல்லாமல் வந்தது.

கேரட்தான் அவளைப் படுத்தியது. மதுரையில் இருந்து வருகிற காய் அது. சந்தையில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். தினமும் ஒரு கூறு வாங்கியதைப் பார்த்துக் காய்க்காரி, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். தேங்காய்த் துருவியில் துருவப்போய் விரல் நுனி போயிற்று. அம்மியில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்து, துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்தால், அரை மணி நேர வேலைக்கு அரைத் தம்ளர் சாறு வந்தது. அதைப் பிழிந்து வைத்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்து வந்தால், அதற்குள் மேலே தண்ணீரும் கீழே வண்டலுமாகப் பிரிந்து கிடந்தது. பிழிந்த உடனே கொடுத்துவிட வேண்டும் என்பதை அப்படித் தெரிந்துகொண்டாள்.

துணி விஷயத்தில் மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தையல் மிஷினுக்கு அடியில் இருந்த வெட்டுத் துணிகளை எல்லாம் எடுத்துப் பரத்தி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். வாயில் என்கிற மெல்லிய சேலைத் துணியில் சாறு சீக்கிரம் இறங்கியது, ஆனால் திப்பியும் இறங்கியது. பாப்ளினில் எதுவுமே இறங்கவில்லை. பழைய வேட்டியைத் துவைத்து மடித்தால் சரியாக இருந்தது. மல் துணி இரண்டு மடிப்பு அதைவிட நன்றாக இருந்தது. கேரட் கறை போகவே போகாது என்பதால் ஒவ்வொரு காய்க்கும் ஒரு துணி என்று ஒதுக்கி, ஓரம் அடித்து, கொடியில் வரிசையாகக் காயப்போட்டாள்.

ஆறாம் நாள் மத்தியானம் அது நடந்தது. ஜாக்கெட் வாங்க வந்தவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவசரத்தில் முருகம்மாள் திராட்சைச் சாற்றை ஒற்றை மடிப்புத் துணியில் வடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் நிரப்பி, குழாயில் மாட்டி அழுத்தினாள். நடுவில் ஏதோ அடைத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அடைத்திருந்த தோல் துணுக்கு சாறோடு சேர்ந்து ஒரே பாய்ச்சலாக மருதப்பனின் தொண்டைக்குள் போயிற்று.

அவர் இருமினார். வாய் திறக்க முடியாதவன் இருமுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். மூக்கு வழியாகச் சிவப்பாகச் சாறு வந்தது. கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாசலில் நின்றவள் அலறிக்கொண்டு ஓடினாள். முருகம்மாள் அவர் பிடரியைப் பிடித்து முன்பக்கமாகக் குனிய வைத்தாள். இடுப்பில் இருந்து கட்டரை எடுத்து, உதட்டை விலக்கி, முதல் கம்பியில் அதன் வாயை வைத்தாள். அவர் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வேண்டாம் என்கிறாரா, சீக்கிரம் வெட்டு என்கிறாரா என்று தெரியவில்லை. அவள் இரண்டு எண்ணினாள். மூன்று எண்ணும்போது, தலை கீழே கிடந்ததால் பல் சந்து வழியாக எல்லாம் கொட்டியது. அவர் மூக்கால் நீளமாக மூச்சு இழுத்தார். அவள் கட்டரை எடுத்தாள். கம்பியில் ஒரு சின்னத் தழும்பு விழுந்திருந்தது, அறுபடவில்லை.

அவள் அழவில்லை. தரையைத் துடைத்தாள். அவர் சட்டையை மாற்றினாள். பிறகு அடுக்களைக்குள் போய்ச் சிரிஞ்சைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வெளியே வந்து, "இனி நான் அமுக்க மாட்டேன். நீங்களே உறிஞ்சிக் குடிங்க. அடைச்சா நிறுத்திருங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலத்தில் இருந்து எந்தச் சாறானாலும் இரண்டு தடவை வடித்தாள். வடித்ததை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, துணுக்கு எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் தம்ளரில் ஊற்றினாள். வாசலில் யார் வந்து நின்றாலும் அந்த வேலை முடிந்த பிறகுதான் எழுந்து போனாள்.

வாசலில் இருந்து ஓடியவள் மூலமாகத் தெரு முழுவதும் செய்தி தெரிந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் நாலாவது வீட்டு ரசீதா வந்தாள். கடையநல்லூர்க்காரி, கணவர் சவூதியில் வேலை பார்த்தார். அவர் போன தடவை வந்தபோது கொண்டுவந்த ஜூஸ் மிஷின் ஒன்று பீரோவுக்கு மேலே பெட்டியோடு இருப்பதாகச் சொன்னாள். அதன் பிளக் இங்குள்ள எந்த ஓட்டையிலும் நுழையாததால் ஒருநாளும் ஓடியதில்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

வயர்மேன் வந்து பிளக்கை வெட்டி வேறு மாட்டிக் கொடுத்தார். வெள்ளை நிறத்தில் குட்டி உரல் மாதிரி இருந்தது. மேலே ஒரு வாய். அதில் காயைப் போட்டுக் கட்டையால் தள்ளினால், உள்ளே துருவிக்கொண்டே சுற்றி, ஒரு மூக்கு வழியாகச் சாறு வழியும். சக்கை உள்ளே சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை ஓடவிட்டபோது மேசையில் இருந்து நடந்து ஓரத்துக்கே வந்துவிட்டது. மறுநாள் அடியில் ஈரத் துணியை மடித்து வைத்தாள். சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் இறங்கி அது முனகும் என்பதால் காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டாள். சல்லடையை உடனே கழுவாவிட்டால் நார் காய்ந்து பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தாலும் போகாது. அம்மியில் அரை மணி எடுத்த கேரட் இதில் மூன்று நிமிஷத்தில் முடிந்தது; கழுவுவதற்குக் கால் மணி.

அப்போது ரம்ஜான் மாதம் பிறந்திருந்தது. காலையில் மிஷின் முருகம்மாள் வீட்டில் ஓடும். மத்தியானத்துக்கு மேல் வோல்டேஜ் இறங்குவதற்குள், நோன்பு திறக்கும்போது குடிக்க ரசீதா வீட்டுக்குப் போகும். ரசீதா காலையில் வந்து உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுப்பாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாத நேரத்தில் அவள் ஆப்பிளும் மாதுளையுமாக நறுக்குவதைப் பார்க்க முருகம்மாளுக்கு ஒரு மாதிரி இருந்தது. வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"வயிறுதானக்கா நோன்பு வச்சிருக்கு, கையா வச்சிருக்கு? நான் வெட்டித் தாரேன். ருசி மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க, மத்தியானம் அதே மாதிரி போட்டுக்கிடுதேன்" என்றாள் ரசீதா.

அப்படித்தான் முருகம்மாள் ஒவ்வொன்றையும் குடித்துப் பார்க்க ஆரம்பித்தாள். கேரட்டோடு ஒரு சாத்துக்குடி சேர்ந்தால் பச்சை வாடை போகிறது. வெள்ளைப் பூசணிக்கு உப்பும் மிளகுத் தூளும் போதும். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோல் உரிக்காவிட்டால் மிஷின் திணறுகிறது. வாழைத்தண்டு மிஷினுக்கு ஆகவே ஆகாது, நார் சுற்றிக்கொள்கிறது. ஒவ்வொன்றையும் ரசீதாவிடம் சொன்னாள். மருதப்பனுக்கும் சொன்னாள், அவர் பதில் பேச முடியாது என்பதால். சில நாள், தான் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பதை அவளே கவனித்து நிறுத்தினாள்.

பீட்ரூட் போட்டது மூன்றாவது வாரத்தில். நிறத்தைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு பெரிய கிழங்கைப் பிழிந்து முழுத் தம்ளர் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் மருதப்பன் கொல்லையில் இருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். சிலேட்டில், "ஒண்ணுக்குப் போனா ரத்தம். பாளையங்கோட்டைக்கு உடனே" என்று எழுதினார். அதற்குக் கீழே, "மகளுக்குத் தந்தி கொடு" என்று எழுதினார். பஸ்ஸுக்குக் கிளம்பிய நேரத்தில் ரசீதா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். முந்தின நாள் நோன்பு திறக்கத் தானும் அதே பீட்ரூட்டைக் குடித்ததாகவும், தனக்கும் அப்படித்தான் போயிற்று என்றும் மெதுவாக முருகம்மாள் காதில் சொன்னாள். சில பேருக்கு அந்தக் கலர் இறங்கிவிடும் என்று பிற்பாடு சிஸ்டரும் சொன்னாள். அதன்பிறகு பீட்ரூட் கால் கிழங்குக்கு மேல் போடவில்லை. மருதப்பன் சிலேட்டை அழித்துவிட்டு அன்று முழுவதும் எதுவும் எழுதவில்லை.

அதே வாரம் பாளையங்கோட்டைக்குக் காட்டப் போனார்கள். கம்பி நன்றாக இருந்தது. ஆனால் எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. சிஸ்டர் முருகம்மாளிடம் என்னென்ன கொடுக்கிறாய் என்று கேட்டாள். முருகம்மாள் கொஞ்சம் பெருமையாகவே எல்லாச் சாறுகளையும் சொன்னாள். சிஸ்டர் கேட்டுவிட்டு, சாறு நல்லதுதான், ஆனால் சாறு மட்டும் குடித்தால் ஆள் நிற்க மாட்டார் என்றாள். பால் எங்கே, முட்டை எங்கே, பருப்பு எங்கே என்று கேட்டாள். மிஷின் வந்த உற்சாகத்தில் அவற்றைக் குறைத்துவிட்டது முருகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வீட்டில் நல்லகண்ணு என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தார். இயற்கை வைத்தியப் புத்தகங்கள் படிப்பவர். அவர் வந்து, ஆஸ்பத்திரியில் சொல்வதைக் கேட்காதே, பாலையும் பருப்பையும் நிறுத்து, நாற்பது நாள் பச்சைச் சாறு மட்டும் கொடு, உடம்பில் உள்ள கசடெல்லாம் கழிந்து புது ஆளாக எழுந்து வருவான் என்று அரை மணி நேரம் விளக்கினார். மருதப்பன் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு எங்கே கேட்டாலும் அவருக்குப் பிடிக்கும்.

முருகம்மாள் சொன்னாள், "அண்ணாச்சி, புது ஆளு எனக்கு வேண்டாம். பழைய ஆளு அஞ்சு கிலோ குறைஞ்சிருக்காவ. அத முதல்ல ஏத்திக்கிடுதேன்."

நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தாள். ஈரல் சூப்பு வைத்து வடித்தாள். பச்சைப்பயறைக் குழைய வேகவைத்து, துணியில் தேய்த்துத் தேய்த்து இறக்கினாள். சாறு காலையில் ஒரு வேளை, வெயில் ஏறியபிறகு ஒரு வேளை என்று நின்றது. எடை இறங்குவது நின்று, இரண்டு கிலோ ஏறியது.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊர் திரண்டு வந்த சமயத்தில் கம்பியை எடுத்தார்கள். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது. மருதப்பன் முதலில் சொன்னது "தண்ணி" என்பது. தம்ளரை வாயில் வைத்துச் சாதாரண மனிதன் மாதிரி தண்ணீர் குடித்தார். இரண்டாம் நாள் குழைந்த இட்லி. பத்தாம் நாள் சோறு. சாறு வேண்டுமா என்று அவள் கேட்டாள். உயிர் உள்ளவரைக்கும் வேண்டாம் என்றார்.

ஆவணியில் மார்க்கெட்டுக்குப் போனார். அவர் இடத்தில் மூக்காண்டி என்று ஒருத்தன் ஏலம் கூறிக்கொண்டிருந்தான். கமிஷன் கடைக்காரர் பழைய மரியாதைக்கு ஒருநாள் காலையில் மருதப்பனையே கூறச் சொன்னார். குரல் இருந்தது. ஆனால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாக வந்தன. பன்னிரண்டாவது மூடைக்குத் தாடை பூட்டிக்கொண்டது. மீதியை மூக்காண்டி கூறினான். அன்று முதல் அவரைப் பழம் தரம் பார்க்கிற இடத்தில் போட்டார்கள். மூடையை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு, அடியில் கிடக்கிற பழத்தை எடுத்துப் பார்க்கிற வேலை. அதில் பேச ஒன்றும் இல்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் அவர் அதையேதான் செய்தார்.

சில மாதம் அவருக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் பேசுவார். ஆனால் முன்னைப் போலச் சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதில்லை. நடுவில் நிறுத்தி, தாடையைத் தேய்த்துக்கொள்வார். அந்த இடைவெளியில் முருகம்மாள் ஏதாவது சொல்வாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"ஏளா, நான் பேசாம கிடந்த ஆறு வாரம் உனக்கு நல்லாத்தான் இருந்திருக்கும், என்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஆனா ஆறு வாரம் போதும்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது தாடை வலித்தது.

மிஷின் மூன்று வருடம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓடியது. ரசீதாவின் கணவர் திரும்பி வந்து கடையநல்லூரில் வீடு கட்டிக் குடிபோனபோது அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ரசீதா அதை விட்டுவிட்டுப் போகிறேன் என்றுதான் சொன்னாள். முருகம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை. திருநெல்வேலியில் இருந்து கையால் சுற்றுகிற இரும்பு மிஷின் ஒன்று வாங்கி வந்து மேசை ஓரத்தில் திருகி மாட்டிக்கொண்டாள். கரண்ட் இல்லாவிட்டாலும் அது ஓடும். காலையில் தனக்கு மட்டும் ஒரு தம்ளர் பூசணிச் சாறு பிழிந்து குடித்துவிட்டுத்தான் தையலில் உட்காருவாள். மருதப்பன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்.

ஏசுவடியாள் சிஸ்டர் அந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்காவது வாயில் கம்பி கட்டினால் சங்கரன்கோவிலில் முருகம்மாளைப் போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்புவாள். ஏழெட்டு வருடத்தில் நாலு குடும்பம் வந்தது. கரிவலம்வந்தநல்லூரில் இருந்து ஒரு பெண் வந்தாள், டிராக்டரில் இருந்து விழுந்த தம்பிக்காக. என்ன என்ன சாறு போடலாம் என்று எழுதிக்கொள்ள நோட்டோடு வந்திருந்தாள். முருகம்மாள் அவளை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய், இரண்டு கேரட்டைக் கையில் கொடுத்து, அவளையே பிழியச் சொன்னாள். அவள் ஒரு தடவை வடித்துவிட்டுத் தம்ளரைத் தேடினாள். முருகம்மாள் பீங்கான் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். தட்டைச் சாய்த்ததும் ஓரத்தில் மெல்லிசாக நார் ஒதுங்கியது. அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நோட்டில் எதுவும் எழுதவில்லை. பிறகு சிஸ்டர் கொடுத்திருந்த கட்டரை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். முருகம்மாள் காட்டிக்கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டில் இருந்து ஒரு முழுப் பலாப்பழம் பஸ்ஸில் வந்து இறங்கியது. முருகம்மாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தாள். மருதப்பன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொட்டையை எடுத்துவிட்டு, சுளையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, இடது பக்கமாகவே மென்று மெதுவாகத் தின்றார். முடிக்க வெகுநேரம் ஆயிற்று.